மணி அடிக்கும் பூட்டும் ஆறேழு விதிநூல்களும்

திண்டுக்கல் வட்டாரத்து ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று, வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். மேடையில் வள்ளியாக நிற்பவரும் வேடனாக வருபவரும் அன்றைய நாடகத்துக்காகச் சேர்ந்து ஒத்திகை பார்த்ததே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வந்திருப்பார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். இயக்குநர் என்று ஒருவரும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் திரை விலகுகிறது. விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது.

இது எப்படி முடிகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆக்கித் தந்த நாடகங்களும் பாட்டுகளும் அவர்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. பபூன் முதலில் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார், பிறகு டான்ஸ், பிறகு நாரதர் தர்க்கம், வேடன் தர்க்கம் என்ற வரிசையும் பொது. வள்ளிக்குக் கல்யாணம் ஆகியே தீரும், அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் தர்க்கத்தில் என்ன கேள்வி விழும், யார் யாரை எவ்வளவு நேரம் மடக்குவார் என்பது அந்த இரவுக்கே உரியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் அது முன்கூட்டித் தெரியாது. எது கட்டுப்பட்டது, எது அவிழ்த்துவிட்டது என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே புரிதல் இருப்பதால்தான் முன்பின் சேர்ந்து ஆடாதவர்கள்கூட ஒரு முழு இரவைக் கொண்டு செலுத்துகிறார்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டை உலகம் 'டேபிள்டாப் ஆர்பிஜி' என்கிறது. அதன் விதிநூல்கள் செய்வதும் இதைத்தான். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் அச்சேறியது. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் மற்ற மனிதர்களையும் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு இப்படியா அப்படியா என்று தெரியாத இடத்தில் பகடை விழும். எந்த இடத்தில் உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன பொருள், கதையின் போக்கைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பவற்றைத் தீர்மானிப்பதுதான் விதிமுறை. அப்படிப்பட்ட விதிமுறைகள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதிதாக ஆட வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியும், ஐந்து வருடம் ஆடியவர் திரும்பக் கேட்கும் கேள்வியும் ஒன்றே: எனக்கு எது பொருந்தும்?

நான் இந்தக் கேள்விக்கு நாடக மேடையிலிருந்தே பதில் தேடுகிறேன். உங்கள் மேசையில் உட்காரப்போகிறவர்கள் ஒத்திகை இல்லாமலே எதைச் செய்ய வல்லவர்கள் என்று முதலில் பாருங்கள். பேசி மடக்கத் தெரிந்தவர்களா, கணக்குப் போட்டுத் திட்டமிடுகிறவர்களா, கைவேலை நுணுக்கம் அறிந்தவர்களா? அந்தத் திறமை வேலை செய்வதற்கு இடம் விடுகிற விதிமுறையே அவர்களுக்குப் பொருந்தும்.

பெரும்பாலோர் அட்டைப்படத்தைப் பார்த்துத் தேர்கிறார்கள். டிராகன் பிடித்தால் ஒன்று, விண்கலம் பிடித்தால் இன்னொன்று. நம் பக்கத்தில் 'இந்தியக் கதை உள்ளது எது?' என்று தேடுகிறவர்களும் உண்டு. அந்த ஆசை எனக்கும் உண்டு. ராட்சசன் 1975-லேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் வந்துவிட்டான். பின்னாளில் புலித்தலையும் உள்ளங்கை பின்புறம் திரும்பிய கைகளுமாக அவன் உருவம் நிலைத்துவிட்டது. 2022-ல் அஜித் ஜார்ஜ் முன்னின்று உருவாக்கிய 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்க நிலத்தின் சாயலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி தரும் விஷயம்தான். ஆனால் பெயர்களும் பூதங்களும் மாறினாலும் அடியில் ஓடும் விதி அதேதான். பாத்திரத்தின் பெயர் அர்ஜுனன் என்பதால் சண்டைக்கான பக்கங்கள் குறைந்துவிடாது.

விதிமுறைகளை ஒப்பிட, கதை ஒன்றையே வைத்துக்கொண்டு விதியை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. எங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்கிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு முதல் பல வகை இங்கே கையால் செய்யப்பட்டன. அவற்றில் சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டும் ஒன்று. காட்சி இதுதான்: ஒரு பழைய பெரிய வீடு. உள்ளறையில் ஊர்க்காரர்களின் கடன் பத்திரங்கள். கதவில் மணிப்பூட்டு. திண்ணையில் காவல்காரர் படுத்திருக்கிறார். நான்கு பேர் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் இந்தப் பூட்டு ஓர் எண். இலக்கு 15 என்று கேம் மாஸ்டர் முடிவு செய்கிறார். பூட்டுத் திறக்கப் பழகிய, புதிதாய்த் தொடங்கும் பாத்திரத்துக்கு 5 கூடுதல் இருக்கும். இருபது முகப் பகடையில் 10-ம் அதற்கு மேலும் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். திறக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை விதி சொல்வதில்லை, கேம் மாஸ்டர்தான் யோசிக்க வேண்டும். ஆனால் காவல்காரர் விழித்துக் கம்பைத் தூக்கினால் விதிநூல் முழுவதும் உயிர் பெற்றுவிடும். யார் முந்துவது, எத்தனை அடி நகரலாம், அடி எவ்வளவு ஆழம் என்று ஒரு மணி நேரம் சுவையாகப் போகும். பாத்திரம் முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலை வரை வளர்வதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. சண்டையைச் சதுரங்கம் போல் திட்டமிட்டு ஆட விரும்புகிறவர்கள், மாதக்கணக்கில் அதே நால்வர் கூட முடிந்தவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம்.

இதே விளையாட்டின் ஆரம்பப் பதிப்பில் 'திருடன்' என்ற பாத்திர வகையே கிடையாது. அது 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில்தான் சேர்ந்தது. அதற்கு முன் பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் எப்படித் திறக்கிறோம் என்று ஆடுகிறவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பழைய ஆட்டமுறையை மீட்க விரும்புகிறவர்கள் இன்று தனி மரபாகவே வளர்ந்திருக்கிறார்கள். யோக்காய் கல் 2020-ல் வெளியிட்ட 'கெய்ர்ன்' அதில் எளிமையானது, இலவசமாகவும் கிடைப்பது. விதி மிகக் குறைவு. மூளைக்கு வேலை அதிகம்.

இதன் அருமையை எனக்குக் காட்டியவர் எங்கள் பெரியம்மா. நாகல்நகரில் பூட்டுப் பட்டறைச் சத்தத்தைக் கேட்டே வாழ்ந்தவர். நாங்கள் மேசையில் 55 சதவீதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது காபி கொண்டு வந்து வைத்தவர் நின்று கேட்டார்.

"ஏம்ப்பா, மணி அடிக்கிற பூட்டுன்னு தெரியும்ல? ஒரு ஈரச் சாக்க எடுத்துப் பூட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்ப வேண்டியதுதான? சத்தம் எங்குட்டு வெளிய போகும்?"

யாரும் பேசவில்லை. கொல்லையில் கிணறு உண்டா, சாக்கு உண்டா என்று ஒருவன் கேட்டான். உண்டு என்றேன். பகடையை எடுக்கவே இல்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்ததை உள்ளே விடாத விதிமுறை எங்கள் மேசைக்கு எத்தனை அழகாக அச்சிட்டிருந்தாலும் முழுமையாகப் பொருந்தாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சான்டி பீட்டர்சன் எழுதி 1981-ல் வந்த 'கால் ஆஃப் க்துலு'வில் எல்லாத் திறமைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண். பூட்டுத் திறப்பது 40 என்றால், நூறு வரை எண் தரும் பகடையில் 40-க்குள் விழ வேண்டும். பரிட்சை மார்க் பார்த்து வளர்ந்த நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; புதியவர்களை உட்கார வைக்க இதைவிட எளிய கணக்கை நான் பார்த்ததில்லை. பாத்திரங்கள் வீரர்களாக இருப்பதில்லை. பேராசிரியர், நிருபர், மருத்துவர் போன்ற சாதாரண மனிதர்கள் மர்மம் ஒன்றைத் துருவித் துருவிப் போய் மனநிலை கலங்குகிறார்கள். நம் பேய்க்கதைகளுக்கும் துப்பறியும் கதைகளுக்கும் அது ஒட்டும். சண்டையில் இறங்கினால் உயிர் தங்காது. அதைக் குறை என்று எண்ணுகிறவர் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' (1986) எதிர்த் திசையில் நுணுக்கம் தேடும். மூன்று ஆறுமுகப் பகடை உருட்டி, திறமை எண்ணுக்குள் விழ வேண்டும். திறமை 10 என்றால் வாய்ப்பு சரியாகப் பாதி, 12 என்றால் 74 சதவீதம், 14 என்றால் 90-ஐத் தாண்டும். கருவி நல்லதா, இருட்டா, அவசரமா என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல் உண்டு. கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு இது விருந்து. எங்கள் மேசையில் பாத்திரம் உருவாக்குவதற்குள் ஒரு முழு மாலை போய்விட்டது, அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி நான் அதிகம் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். வின்சென்ட் பேக்கரும் மெக்வே பேக்கரும் 2010-ல் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' வெளியிட்டார்கள். அதன் அடித்தளத்தில் பிறகு எத்தனையோ விளையாட்டுகள் எழுந்தன. இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். 10-ம் மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கிறது. 7 முதல் 9 வரை என்றால் நடக்கிறது, ஆனால் ஒரு விலை உண்டு. 6-ம் கீழும் என்றால் சிக்கல் வருகிறது. மணிப்பூட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை: 7 முதல் 9 வரை விழுந்தால் பூட்டும் திறக்கும், மணியும் அடிக்கும். கதை நின்றுபோக வழியே இல்லை. கூடுதல் எதுவும் இல்லாத பாத்திரத்துக்குத் தோல்வி 42 சதவீதம், விலை கொடுத்த வெற்றி 42, முழு வெற்றி 17 என்று வரும். 2 கூடுதல் உள்ளவருக்குத் தோல்வியும் முழு வெற்றியும் அப்படியே இடம் மாறும்; நடுவில் உள்ள 42 அசையாது. திறமைசாலிக்கும் திறமையற்றவருக்கும் 'நடந்தது, ஆனால்...' என்பது ஒரே அளவு நேர்கிறது. வாழ்க்கையில் நாம் காண்பதற்கு இது எவ்வளவு நெருக்கம்!

ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' (2017) இதையே திருட்டுக் கதைகளுக்கென்று வளர்த்தெடுத்தது. அதில் முன்கூட்டித் திட்டம் போட்டு நேரம் கழிக்க வேண்டியதில்லை. நேராகப் பூட்டின் முன் நிற்கலாம். சிக்கினால், 'போன வெள்ளிக்கிழமை சந்தையில் காவல்காரரைப் பார்த்துப் பேசி வைத்திருந்தேன்' என்று ஆடுகிறவர் ஃப்ளாஷ்பேக் சொல்லலாம். அதற்கு மனஅழுத்தப் புள்ளி கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். தமிழ் சினிமா பார்த்தவர்களுக்கு இந்த விதியை இரண்டாவது முறை விளக்க நேர்ந்ததில்லை.

'ஃபேட்' என்ற விதிமுறையில் எண்களுக்கு இணையாக வாக்கியங்களும் பாத்திரத்தைத் தாங்குகின்றன. 'தாய்மாமன் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவன்' என்று தாளில் எழுதினால் அது ஆட்டத்தில் பலமாகவும் பலவீனமாகவும் வேலை செய்யும். காவல்காரரே அந்தத் தாய்மாமனாக இருந்துவிட்டால் காட்சி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சில் வல்லவர்களுக்கு, உறவுச் சிக்கல்களில் கதை பார்ப்பவர்களுக்கு இதை முதலில் சொல்வேன். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் 'ஃபியாஸ்கோ'வில் (2009) கேம் மாஸ்டரே இல்லை. பூட்டு திறந்ததா என்பதும் முக்கியமில்லை, நால்வரில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பதே ஆட்டம். ஒரே மாலையில் முடியும்.

பகடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலமுகப் பகடைகள் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதாலேயே நம் பக்கத்தில் சிலர் தொடங்காமல் நிற்கிறார்கள். ஆனால் பகடை நமக்குப் புதிதா? கீழடியிலேயே தந்தத்தாலான பகடை கிடைத்திருக்கிறது. பல வீட்டுப் பரணில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை இருக்கும். நான்கு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையாக விழலாம். கட்டை சீராக இருந்தால் மூன்று விழ 16-ல் 4 வாய்ப்பு. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று. தாயத்துக்கும் அஞ்சுக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கும், இரண்டு வெறுமையும் சேர்ந்த பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் அமைந்த, நன்றாகச் செய்யப்பட்ட கருவி இது.

தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது நாம் பழகிய வழக்கம். அந்த நான்கையும் முழு வெற்றி என்று வையுங்கள்: 16-ல் 6, அதாவது 37.5 சதவீதம். மூன்றும் நாலும் விலை கொடுத்த வெற்றி: 43.75. இரண்டு மட்டும் தோல்வி: 18.75. இந்தப் பங்கீடு, மேலே சொன்ன இரண்டு பகடை முறையில் 2 கூடுதல் உள்ள பாத்திரத்தின் பங்கீட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. காரியம் கடினமென்றால் மூன்றையும் தோல்வியில் சேர்த்துவிடலாம்; தோல்வி 43.75 ஆகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை. 'தாயம்!' என்று கத்துவதற்கான பழக்கம் ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கிறது. பித்தளை தரையில் உருளும் சத்தம் கேட்டால் வீட்டுப் பெரியவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பகடைக்கு யாரும் எட்டிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

ஆள் கணக்கும் நேரக் கணக்கும் விதியைவிட வலியவை. பொங்கலுக்கு எட்டுப் பேர் கூடும் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சண்டை போட்டால் தன் முறை வரும் முன் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். அதற்கு ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' (2013) போல ஒரே பக்கத்தில் அடங்கும் விதி போதும். ஷிப்ட் மாறும் வேலைக்காரர்கள் உள்ள மேசையில் ஒரு மாலைக்குள் முடியும் கதைகளைக் கொள்ளுங்கள். தனியாக ஆட நேர்பவருக்கு ஷான் டாம்கின் 2018-ல் இலவசமாக வெளியிட்ட 'அயர்ன்ஸ்வோர்ன்' இருக்கிறது. கேம் மாஸ்டர் இல்லாமல் ஒருவராகவே நடத்தலாம்.

மொழிதான் நான் மிகவும் கவலைப்படும் இடம். நல்ல கதைசொல்லி ஒருவர் ஆங்கிலக் கேரக்டர் ஷீட்டைக் கையில் வாங்கியதும் வாயடைத்துப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். தர்க்கம் பண்ணினால் விடியும் வரை நிற்கக்கூடியவர் அவர். தாளில் சொல் குறைவாக உள்ள விதிமுறைகள் இங்கே கைகொடுக்கின்றன, ஏனென்றால் பத்துச் சொல்லை ஒரு மாலையில் தமிழாக்கிவிடலாம். முழு நூலையே தமிழாக்க விரும்புகிறவர்களுக்கும் இன்று வழி திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திறந்த உரிமத்தை மாற்றப் பதிப்பாளர்கள் முயன்றபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். முடிவில் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுக்கு வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கலாம். ஃபேட், பிளேட்ஸ் இன் த டார்க் இரண்டின் அடிப்படை விதிகளும், கெய்ர்னும்கூட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. சட்டம் தடுக்கவில்லை; உட்கார்ந்து செய்ய ஆள்தான் வேண்டும்.

எங்கள் மேசைக்கு இப்போது நீண்ட கதை ஒன்று வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் விருப்பாட்சியில் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றதும், ஹைதர் அலியின் துணையோடு 1780-ல் சிவகங்கையை மீட்டதும் இந்த மண்ணில் நடந்தவை. அந்த எட்டு வருடங்களில் தூது போனவர்கள், உளவு பார்த்தவர்கள், தானியம் கடத்தியவர்கள், மலைக்கோட்டைக் காவலைத் தாண்டியவர்கள் என்று பாத்திரங்களுக்குப் பஞ்சமே இருக்காது. சண்டைதான் மையம் என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு இருபது முகப் பகடை வேண்டும். தூதுதான் மையம் என்கிறார் இன்னொருவர். வேலு நாச்சியார் நாடு மீட்பது நடந்தே தீர வேண்டும், வள்ளி கல்யாணம் போல. யார் எந்த விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் மேசையில் கண்டுபிடிப்போம் என்பது என் கட்சி. முடிவு கட்டுப்பட்டு நடு அவிழ்ந்து நிற்கும் கதைக்கு, விலை கேட்கும் விதிமுறையே சரி என்று வாதாடியிருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை தாயக்கட்டையில் ஆடிப் பார்ப்பது, பிறகு மூன்று ஞாயிறு இருபது முகப் பகடையில் என்று பேசி முடித்திருக்கிறோம். பெரியம்மாவுக்கும் ஒரு பாத்திரம் எழுதியாயிற்று: விருப்பாட்சிக் கொல்லர் தெருவில் பட்டறை நடத்தும் கிழவி. தன் பாத்திரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று மட்டும் அவர் கேட்டிருக்கிறார். தெரியாது என்றால் தூதுக் கடிதத்தை யாரிடம் கொடுத்து வாசிப்பது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.